மூன்று வருட அனுபவம் விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: 2021-ல் இசிஇ முடித்தேன். இரண்டு அரியர் இருந்தது, 2022-ல்தான் கிளியர் செய்தேன். அந்த நேரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் இரண்டு வருடம் ஊரிலேயே இருந்து எங்கள் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு சென்னைக்கு வந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்தேன். எட்டு மாதமாக விண்ணப்பித்தும் ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு கன்சல்டன்சியில் 70,000 ரூபாய் கேட்கிறார்கள். மூன்று வருட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பேஸ்லிப், பிஎஃப் எல்லாம் அவர்களே தருவார்களாம். 10,000 முன்பணமும் ஒரிஜினல் மார்க்‌ஷீட்களும் கொடுத்துவிட்டேன். ரூமில் இருக்கும் நண்பர்கள் எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள். நானும் போகலாமா? – ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: போகாதீர்கள். நான் 16 வருடமாக ஆள் எடுக்கும் பக்கம் இருப்பவன், அதில் பாதிக்கு மேல் சான்றிதழ் சரிபார்க்கும் வேலை. உங்கள் நிலைமை புரிகிறது. ஃப்ரெஷர் வேலை என்று விளம்பரம் போட்டுவிட்டு உள்ளே இரண்டு வருட அனுபவம் கேட்பது, அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது வீட்டைத் தாங்கிய பையனை ‘கேப்’ (படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் விழுந்த இடைவெளி) என்று ஒரே வார்த்தையில் வடிகட்டித் தள்ளுவது, விண்ணப்பித்தவனுக்கு ‘இல்லை’ என்றுகூட ஒரு வரி பதில் போடாதது, இதையெல்லாம் எத்தனையோ மீட்டிங்கில் சொல்லிப் பார்த்தாயிற்று, யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த ஓட்டையில்தான் இந்த கன்சல்டன்சிக்காரர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

அந்தக் கன்சல்டன்சிக்காரர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். “இன்டர்வியூ பாஸ் பண்ணி உள்ளே போய்விட்டால் போதும், அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்?” அங்கேதான் பொறி. பல நிறுவனங்களில் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது நீங்கள் தந்த விவரங்கள் உண்மையா என்று பார்க்கும் சோதனையின் முடிவு, நீங்கள் சேர்ந்த பிறகுதான் வரும், சில இடங்களில் இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். நீங்கள் முதல் சம்பளம் வாங்கி, ரூம் மாறி, வண்டிக்கு இஎம்ஐ போட்டிருப்பீர்கள், அப்போது ஹெச்ஆரிடமிருந்து அழைப்பு வரும். அதே நாளில் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கன்சல்டன்சிக்காரர் அதற்குள் தன் பங்கை வாங்கி முடித்திருப்பார்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முக்கியமாக பிஎஃப். 2014-லிருந்து ஒருவருக்கு ஒரே யுஏஎன்தான், அதாவது எத்தனை நிறுவனம் மாறினாலும் மாறாத பிஎஃப் அடையாள எண். எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்ற முழு வரலாறும் அதில் இருக்கும். மூன்று வருட அனுபவம் என்று சொல்லும் ஆளிடம் யுஏஎன்னே இல்லை என்றால் முதல் கேள்வி அங்கேயே எழும். “நாங்கள் பிஎஃப்பும் போட்டுத் தருகிறோம்” என்கிறார்களே, அது இன்னும் மோசம். பிஎஃப் பாஸ்புக்கில் எந்த மாதச் சம்பளத்துக்கு எந்தத் தேதியில் பணம் வந்தது என்று தனித்தனியாகத் தெரியும். முப்பது மாதப் பணம் ஒரே வாரத்தில் மொத்தமாக வந்து விழுந்திருந்தால் பார்ப்பவனுக்குப் புரியாதா? பிஎஃப்பைத் தாண்டினால் சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள், அதையும் போலியாகச் செய்தால் உங்கள் பெயரில் இன்னொரு போலி ஆவணம் சேரும். அந்த லெட்டர்பேட் கம்பெனி எப்போது பதிவானது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். ஒரே மாடி அறை முகவரியிலிருந்து நாற்பது பேர் ‘டெஸ்ட் இன்ஜினியர்’ என்று வந்தால் அந்தப் பெயர் சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடும், பெரிய நிறுவனங்கள் அந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. 2022 நவம்பரில் அக்சென்ச்சர் என்ற பெரிய ஐடி நிறுவனம், இல்லாத கம்பெனிகளின் ஆவணங்களைக் காட்டி இந்தியாவில் சேர்ந்தவர்களை வெளியே அனுப்பியதாகத் தானே அறிவித்தது. அவர்களும் உங்கள் ரூம் நண்பர்களைப் போல ‘எல்லோரும் போகிறார்கள்’ என்று நம்பித்தான் போயிருப்பார்கள்.

இதைவிட வருத்தமான விஷயம் ஒன்று உண்டு, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களை வெளியே அனுப்பிய அந்த நிஜ வேலை, அங்கே இருந்த அந்த இரண்டு மூன்று மாதம், உங்கள் யுஏஎன்னில் பதிந்துவிடும். அடுத்த நிறுவனம் “அங்கே ஏன் மூன்றே மாதம்?” என்று கேட்கும், பழைய நிறுவனத்துக்கு மெயில் போடும், முறையாக விலகியதற்கான ரிலீவிங் லெட்டரும் உங்கள் கையில் இருக்காது. இன்றைக்கு உங்களிடம் இருப்பது வெறும் கேப், அதை விளக்கிவிடலாம். வேலையிலிருந்து அனுப்பப்பட்ட பிறகு வருவது விளக்கவே முடியாத கேப்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுவது 318-வது பிரிவு, போலி ஆவணத்தை உண்மையானது போலப் பயன்படுத்துவது 340-வது பிரிவு. பெரும்பாலான நிறுவனங்கள் போலீஸுக்குப் போவதில்லை, ஆளை நீக்குவதோடு விட்டுவிடும். ஆனால் போனால், கையெழுத்துப் போட்டது நீங்கள், கன்சல்டன்சிக்காரர் இல்லை.

‘ரெஸ்யூம்தானே’ என்று நினைக்கிறவர்களுக்காக இன்னொன்று. ரெஸ்யூமில் எல்லாவற்றையும் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, வேலைக்குத் தேவையானதை மட்டும் எழுதலாம். ஆனால் சேரும்போது கொடுக்கும் படிவத்தில் “நான் தந்த விவரங்கள் அனைத்தும் உண்மை” என்று கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் படிவத்தில் எதையும் விடக் கூடாது, கூட்டவும் கூடாது.

இங்கே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், இதில் அநியாயமாக அடிபடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே வேலை பார்த்து, ஆனால் பிஎஃப் இல்லாதவர்கள். 20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்குப் பொதுவாக பிஎஃப் கட்டாயம் இல்லை. ஏழு பேர் உள்ள ஸ்டார்ட்அப்பில் ஒன்றரை வருடம் இரவு பகலாக உழைத்திருப்பான், சம்பளம் பாதி கையில் பாதி ஜிபே, முதலாளி கம்பெனியை மூடிவிட்டு ஊரைவிட்டே போயிருப்பார், லெட்டர் கொடுக்க ஆள் இருக்காது. இவர்கள் பயந்துபோய் கன்சல்டன்சியில் வேறொரு போலி லெட்டர் வாங்கி, உண்மையான அனுபவத்தைப் பொய்யாக்கிக்கொள்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பணம் வந்த வங்கி வரிகள், ஆபீஸ் மெயில்கள், டீம் லீடுடன் பேசிய வாட்ஸ்அப், ஆஃபர் மெயில், கூட வேலை பார்த்த இருவரின் போன் எண், இவற்றை ஒரு ஃபைலாகப் போட்டு, கேட்பதற்கு முன்பே ஹெச்ஆரிடம் “பிஎஃப் கிடையாது, கம்பெனி மூடிவிட்டது, இவைதான் என்னிடம் இருக்கின்றன” என்று மெயிலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே எழுத்தில் சொன்னவர் ஃபைலை நான் பார்க்கும் விதமே வேறு. பிடிபட்ட பிறகு இதே விளக்கத்தைச் சொன்னால் அது சாக்காகத்தான் தெரியும்.

சரி, உங்களுக்கு வருவோம். உங்கள் இரண்டு வருடம் சும்மா போனதில்லை. ‘2022–2024, குடும்ப ஹார்டுவேர் கடை நிர்வாகம்’ என்று தைரியமாக எழுதுங்கள். ஸ்டாக் பார்த்தீர்களா, ஜிஎஸ்டி பில் போட்டீர்களா, டேலி கணக்கு சாஃப்ட்வேரில் உட்கார்ந்தீர்களா, உண்மையில் எதைச் செய்தீர்களோ அதை எழுதுங்கள். பில்லிங் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்யும் வேலைக்கு, கடையில் நின்று பில் போட்டவனுக்குத் தெரியும் சிக்கல்கள் கல்லூரியிலிருந்து நேராக வருகிறவனுக்குத் தெரியாது. கேப் பற்றிக் கேட்டால் அப்பாவின் உடல்நிலை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள், கூனிக்குறுக வேண்டாம்.

பெரிய ஐடி நிறுவனங்களின் ஃப்ரெஷர் தேர்வுகளில் பாஸ் அவுட் வருடத்தைப் பார்த்தே கழித்துவிடுவார்கள், அங்கே மோதி நேரத்தை வீணாக்காதீர்கள். பில்லிங், கிடங்கு, ஈஆர்பி (ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒன்றாக நிர்வகிப்பது) சாஃப்ட்வேர் செய்யும் சின்ன கம்பெனிகளைப் பிடியுங்கள். சப்போர்ட் வேலை கிடைத்தாலும் சேருங்கள், அங்கிருந்து டெஸ்டிங்குக்கு மாறியவர்கள் நிறைய. ஒரு இணையதளத்தை எடுத்து எதை எப்படிச் சோதிப்பது என்று நீங்களே டெஸ்ட் கேஸ் எழுதி, புரோகிராம்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைத்து, அந்த லிங்க்கை ரெஸ்யூமில் கொடுங்கள். நாளாகும். எட்டு மாதம் இன்னும் கொஞ்சம் நீளலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், நாளைக்கே போய் உங்கள் ஒரிஜினல் மார்க்‌ஷீட்களை வாங்குங்கள். இதைத்தான் உங்கள் கடிதத்தில் படித்ததும் முதலில் பதறினேன். எந்த கன்சல்டன்சிக்கும் ஒரிஜினலை வைத்துக்கொள்ள உரிமை இல்லை, பாக்கிப் பணத்துக்காகப் பிடித்து வைக்கத்தான் வாங்குகிறார்கள். தனியாகப் போகாதீர்கள், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அவர் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். தரமாட்டேன் என்றால் அங்கே நின்று சண்டை போடாமல் நேராக அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், புகார் என்றதும் பெரும்பாலும் மாலைக்குள் மார்க்‌ஷீட் வந்துவிடும். அந்த 10,000 திரும்பி வந்தால் நல்லது, வராவிட்டால் அதற்காக மீதி 60,000-ஐக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.