மார்க்கர் ஓவியங்களை ஓராண்டு தொங்கவிடலாமா?

வணக்கம். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உதவிக் காப்பாட்சியராகச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, மார்க்கராலும் கரித்துண்டாலும் வரைந்த சமகாலக் கோட்டோவியங்களைக் கல்வியாண்டு முழுவதும் காட்சியில் வைக்கும்படி பேராசிரியர் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள்; தயவுசெய்து இசைய வேண்டாம். மார்க்கர் மையில் பெரும்பாலும் சாயமே இருப்பதால், ஒளியை 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) குறைத்தாலும் வெளுப்பது தாமதப்படுமே தவிர நிற்காது, போன நிறம் திரும்புவதுமில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை படங்களை மாற்றுங்கள்; மற்றவற்றை, ஹார்வர்டு கலை அருங்காட்சியகங்களின் ஆய்வறையில் செய்வதுபோல, முன்பதிவு செய்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டலாம். கரித்துண்டுப் படங்களின் சட்டத்துக்கு முன்னால் சாதாரண அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகடு கூடவே கூடாது: அதில் ஏறும் நிலைமின்சாரம் தாளிலிருந்து கரித்தூளை இழுத்துவிடும், ஆகவே கண்ணாடியே போடுங்கள். ஓவியர் நம்மிடையே இருப்பது பெரும் வாய்ப்பு. எந்தப் பேனா, எந்தத் தாள், கரி உதிராதிருக்க ஏதேனும் தெளித்தாரா என்று இப்போதே கேட்டுக் கோப்பில் எழுதி வையுங்கள்.