அடங்கலைக் கைமாற்றாதீர்கள்: சம்பா அறுவடைக்கு முன் கேள்வி பதில்

மார்கழி பிறந்துவிட்டது. செயின் வண்டிக்கு, அதாவது அறுவடை இயந்திரத்துக்கு, முன்பணம் கொடுக்கத் தொடங்கியிருப்பீர்கள். எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்துக்குப் பல வருடமாக நான்தான் செயலாளர். அரசு நெல் கொள்முதல், பயிர்க் காப்பீடு, கடன், சங்கக் கணக்கு பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். பூச்சி மருந்து எனக்குத் தெரியாது.

திருத்துறைப்பூண்டி: அண்ணே, போன சம்பாவில் என் வயல் பத்து நாள் தண்ணீரில் கிடந்து அழுகிவிட்டது. காப்பீடு கட்டியிருந்தேன். எனக்கு ஒரு பைசா வரவில்லை. பக்கத்து ஊரில் நல்ல விளைச்சல் எடுத்தவனுக்கு வந்திருக்கிறது. இது என்ன நியாயம்?

தம்பி, வருஷா வருஷம் கேட்கப்படும் கேள்வி இது. மகசூல் இழப்பை உங்கள் வயலுக்கு என்று தனியாகப் பார்ப்பதில்லை, உங்கள் வருவாய் கிராமம் முழுவதற்கும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். சம்பாவுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன.

கணக்கு இப்படி. கடந்த 7 வருட மகசூலில் நல்ல 5 வருடங்களை எடுத்து, சராசரி போட்டு, அதில் ஒரு பங்கை 'உத்தரவாத மகசூல்' என்று வைக்கிறார்கள். இந்த வருடம் கிராமத்தில் சில சர்வே எண்களைக் குலுக்கி எடுத்துச் சோதனை அறுவடை செய்கிறார்கள். கிராமத்துக்கு 4 இடம், ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர். உத்தரவாதம் ஏக்கருக்கு 2000 கிலோ, சோதனையில் வந்தது 1500 என்றால் இழப்பு 25 சதவீதம். காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு அந்தக் கிராமத்தில் கட்டிய எல்லாருக்கும் வரும், நன்றாக விளைந்தவனுக்கும் சேர்த்து. சோதனையில் 2000 வந்துவிட்டால் மகசூல் இழப்பீடு யாருக்கும் கிடையாது, உங்கள் வயலில் விளைச்சல் குறைந்திருந்தாலும்.

அந்த நாலு துண்டு நிலத்தில்தான் ஊரின் தலையெழுத்து இருக்கிறது. இழப்பீடு வராத பிறகு சாலையில் உட்காருகிறோம். சோதனை அறுவடை நடந்த அன்று அந்த வயலில் நம் ஆள் ஒருவராவது நின்றாரா? எங்கள் ஊரிலேயே ஒரு வருடம் யாரும் போகவில்லை. அளவு எப்படி எடுத்தார்கள், ஈர எடையா காய்ந்த எடையா, யாருக்கும் தெரியாது. நானும் அன்று ஒரு கல்யாணத்தில் இருந்தேன். அடுத்த வருடத்திலிருந்து தேதியை முன்கூட்டியே எழுதிக் கேட்டு, இரண்டு பேரை அனுப்பி, தராசைப் படம் எடுத்து வைக்கிறோம்.

வலங்கைமான்: எங்கள் ஊர் உத்தரவாத மகசூல் எவ்வளவு என்று எங்கே கேட்பது?

வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில், எழுத்தில். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

நீடாமங்கலம்: இந்தப் பருவம் நெல் விலை என்ன?

2025-26க்குச் சன்ன ரகம் குவிண்டால் 2545, பொது ரகம் 2500. மத்திய அரசு விலை 2389, 2369. மேலே உள்ள 156, 131 ரூபாய் மாநில ஊக்கத்தொகை. பொது ரகம் 40 கிலோ மூட்டை சரியாக ஆயிரம் ரூபாய்.

குத்தாலம்: வியாபாரி ஒருவர் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல் கேட்கிறார். மூட்டைக்கு ஏதோ தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. சிட்டா நிலம் யாருடையது என்று காட்டும், அடங்கல் அதில் என்ன பயிர் என்று காட்டும். இவற்றை வைத்து அரசு கொள்முதல் நிலையத்தில் வெளியூர் நெல்லை உங்கள் பெயரில் போடப்போகிறார். உங்கள் பரப்புக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கு தீர்ந்துவிடும். பிறகு உங்கள் நெல்லைக் கொண்டுபோனால் 'உங்கள் பெயரில் ஏற்கெனவே வந்துவிட்டதே' என்பார்கள். விசாரணை வந்தால் பணம் ஏறியது உங்கள் கணக்கில். அவர் பெயர் எங்கும் இருக்காது.

பாபநாசம்: ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள். மார்கழி, தைப் பனியில் 17க்கு எங்கே போவது?

நியாயமான கோபம். மழை பெய்த வருடங்களில் 19, 20 என்று தளர்த்தியது உண்டு. ஆனால் மாநிலம் கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, ஆய்வகம் போய், உத்தரவு வருவதற்குள் களத்தில் கிடக்கும் நெல் முளைத்துவிடும்.

திருவையாறு: நான் அரிசி ஆலையில் 30 வருடம் வேலை பார்த்தவன். செயலாளர் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார். ஈர நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கினால் சூடேறி அரிசி பழுத்து மஞ்சளாகிவிடும். அந்த அரிசியை ரேஷனில் வாங்கிவிட்டுத் திட்டப்போவதும் நீங்கள்தான். 17 சரியான அளவு.

ஐயா சொல்வது உண்மை, மறுக்கவில்லை. 17 சேமிப்புக்கு வைத்த அளவு. அந்த ஈரத்தை இறக்கும் செலவு யார் தலையில் என்பதுதான் என் கேள்வி.

கீழ்வேளூர்: மில்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். வயலில் இறங்கிப் பாருங்கள்.

திருவையாறு: எனக்கும் பதினைந்து மா, ஏறக்குறைய ஐந்து ஏக்கர், நிலம் இருக்கிறது தம்பி.

சண்டை வேண்டாம், கணக்குப் போடுவோம். 22 சதவீத ஈரத்தில் 40 கிலோ நெல் என்றால் அதில் ஈரம் போக 31.2 கிலோ. 17க்குக் காய்ந்தால் எடை 37.6 கிலோ ஆகும். குறைவது 2.4 கிலோ, சன்ன ரக விலையில் 61 ரூபாய். 20 சதவீதமாக இருந்தால் ஏறக்குறைய 37 ரூபாய். அரசு அந்த எடையைக் கழித்துக்கொண்டு ஈர நெல்லை வாங்கி, தானே உலர்த்தலாம். அதற்குக் கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரம் வேண்டும். நாம் கேட்க வேண்டியது அதை. வருடா வருடம் 'தளர்த்து, தளர்த்து' என்று டெல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

திருவையாறு: எடைக் கழிவை ஏற்பீர்களா? அப்படியானால் நான் உங்கள் பக்கம்.

எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் ஏற்க மாட்டார்கள். நான் ஏற்பேன்.

கீழ்வேளூர்: அண்ணே, நீங்களே விட்டுக்கொடுத்தால் எப்படி? மூட்டைக்கு 61 ரூபாய், நூறு மூட்டைக்கு 6100.

முளைத்த நெல்லுக்கு எவ்வளவு வரும் தம்பி?

மன்னார்குடி: எடை போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

நெல் 40 கிலோ, சாக்கு 580 கிராம். தராசு 40.580 காட்ட வேண்டும். அதற்கு மேல் போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மூட்டைக்குக் காசு கேட்டால் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள்.

ஒரத்தநாடு: குத்தகைக்குச் செய்கிறேன். அடங்கல் நிலக்காரர் பெயரில் இருக்கிறது.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. நிலக்காரர் முகம் சுளிப்பார் என்று பலரும் போவதில்லை. அது முடியாவிட்டாலும் சாகுபடியாளர் என்று உங்கள் பெயரை அடங்கலில் எழுதச் சொல்லி கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் காப்பீடு, கொள்முதல் இரண்டுக்கும் நிலக்காரரின் தயவில்தான் நிற்க வேண்டும். நிலம் உள்ளவர்களுக்கு மத்திய அரசு வருடத்துக்குத் தரும் பி.எம். கிசான் 6000 ரூபாயில் குத்தகைக்காரருக்கு இடமே இல்லை. அலைய வேண்டாம்.

சீர்காழி: எங்கள் சங்கத்தையே உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக்கி உரம் விற்கலாமா?

இரண்டும் வேறு. சங்கம் 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் வரும், லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரிக்க முடியாது. நிறுவனம் கம்பெனிச் சட்டத்தில் வரும், குறைந்தது 10 விவசாயிகள் வேண்டும், தணிக்கை உண்டு. சங்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தைத் தனியாகத் தொடங்குங்கள். உரம் விற்கிறவரே போராட்டத்துக்கும் தலைமை தாங்கினால் ஒரு நாள் இரண்டில் ஒன்று நின்றுபோகும்.

பேராவூரணி: இலைகள் நுனியிலிருந்து காய்கின்றன, என்ன அடிப்பது?

மேலே சொன்னேனே. உதவி வேளாண்மை அலுவலரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கூத்தாநல்லூர்: கூட்டுறவுக் கடனுக்கு வட்டி இல்லை என்றார்கள், எனக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

பயிர்க் கடன் என்றால், தவணைத் தேதிக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. தேதி தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டிய ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள்.

தலைஞாயிறு: அண்ணே, தெரிந்த வியாபாரிதான், ஒரே ஒரு தடவைக்கு அடங்கல் கேட்கிறார்...

குத்தாலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மேலும் இருவர்: அதே கேள்வி.

அதே பதில். இன்று இதற்கு மேல் இதைக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் ஊர்ச் சோதனை அறுவடைத் தேதி தெரிந்தவர்கள் எழுதுங்கள், அதைப் பேசுவோம்.