க்ரூகர் வனவிலங்குப் பூங்காவில் சஃபாரி போகிறோம், கூடவே ஒரு நாள் வைன் ருசிக்கப் போக முடியுமா?

முடியும். ஆனால் இரண்டும் பக்கத்தில் இல்லை. க்ரூகர் தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலை. வைன் தயாரிக்கும் ஸ்டெல்லன்போஷ், ஃபிரான்ஷ்ஹூக் திராட்சைத் தோட்டங்கள் தென்மேற்கில், கேப் டவுன் பக்கம். விமானம்தான் சரி. கேப் டவுனிலிருந்து ஸ்டெல்லன்போஷ் சுமார் 50 கி.மீ.

சஃபாரியை முதலில் வையுங்கள். விடியும் முன்பே ஜீப்பில் ஏற வேண்டும்; முந்தின நாள் குடித்த தலைவலியோடு அது ஆகாது.

தோட்டங்களுக்கு நீங்களே கார் ஓட்டிப் போகாதீர்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு வாய்தான் ஊற்றுவார்கள், ஆனாலும் மூன்றாவது தோட்டத்தில் கணக்கு தப்பிவிடும். ருசித்ததை விழுங்காமல் துப்பக் குவளை வைத்திருப்பார்கள், கூச்சப்படாதீர்கள். ஃபிரான்ஷ்ஹூக்கில் தோட்டம் தோட்டமாக இறக்கிவிடும் வைன் டிராம் உண்டு. அப்புறம், பினோட்டாஜ் கேட்டுப் பாருங்கள். 1925இல் ஸ்டெல்லன்போஷில் இரண்டு திராட்சைகளை இணைத்து உருவாக்கிய உள்ளூர் ரகம்.