அதே ரெண்டு பெக்தானே, இப்ப மட்டும் ஏன் தள்ளாட்டம்?

கேள்வி: எங்கப்பாவுக்கு 69 வயசு. வேலைல இருந்தப்ப வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாள்தான் குடிப்பாரு, யாருக்கும் தொந்தரவு இருக்காது. ரிட்டயர் ஆகி, அம்மாவும் தவறுனதுக்கப்புறம் தினமும் பொழுது சாஞ்சா ரெண்டு பெக். கேட்டா "அன்னிக்கும் ரெண்டு, இன்னிக்கும் ரெண்டு, என்ன மாறிப்போச்சு"ங்கிறாரு. போன மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டாரு, சொன்னதையே திரும்பத் திரும்ப சொல்றாரு. வயசானா அப்படித்தான்னு அண்ணன் சொல்றான். பாட்டிலை எல்லாம் எடுத்து கொட்டிடலாமான்னு இருக்கு.

பதில்: கொட்டிடாதீங்கம்மா. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

அப்பா பொய் சொல்லல. பெக் அதேதான், உடம்புதான் மாறிப்போச்சு. வயசாக ஆக தசை கரையும், உடம்புல தண்ணியோட அளவும் குறையும், ஆல்கஹால் போய் கலக்குறதே அந்தத் தண்ணியிலதான், அதனால 40 வயசுல குடிச்ச அதே அளவு 69ல ரத்தத்துல ஜாஸ்தியா ஏறும். அன்னிக்கு வாரத்துல ஒண்ணு ரெண்டு நாளா இருந்தது இன்னிக்கு ஏழு நாளாயிருக்கு, அதை அவர் கணக்குலயே சேர்க்கல பாருங்க. இதோட மாத்திரை வேற. தூக்க மாத்திரையோட சேர்ந்தா மூச்சே மந்தமாகலாம், இன்சுலினோடயோ சில சுகர் மாத்திரையோடயோ சேர்ந்தா சுகர் தடால்னு இறங்கலாம், பிரஷர் மாத்திரை போடுறவங்க ராத்திரி படுக்கையை விட்டு எழுந்து நிக்கும்போது கிறுகிறுன்னு வரும். பாத்ரூம்ல விழுறது நிறைய பேருக்கு இப்படித்தான் நடக்குது.

அந்த ரெண்டு பெக் எவ்வளவுன்னு ஒருநாள் பார்த்துடுங்க. அவர் வழக்கமா குடிக்கிற கிளாஸ்லயே, அவர் கையாலயே, எப்பவும் ஊத்துற அளவுக்கு வெறும் தண்ணியை ஊத்தச் சொல்லி, மருந்து அளக்குற மூடியால அளந்து பாருங்க. வீட்ல ஊத்துற கை பெரும்பாலும் தாராளமா இருக்கும். சரி, ஒரு பெக் 60 மில்லிதான்னே வெச்சுக்குவோம், விஸ்கி பிராந்தி மாதிரி சரக்குல அது சுமார் 19 கிராம் சுத்தமான ஆல்கஹால், தினம் ரெண்டுன்னா வாரத்துக்கு 265 கிராம் கிட்ட வருது. அமெரிக்காவோட தேசிய மதுப்பழக்க ஆய்வு நிறுவனம் மாத்திரை எதுவும் எடுக்காத ஆரோக்கியமான, 65 வயசு தாண்டினவருக்கே வாரத்துக்கு 7 டிரிங்க், அதாவது 98 கிராமுக்கு மேல வேண்டாம்னு சொல்லிச்சு. 2023ல உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னுடுச்சு.

அண்ணன்கிட்ட ஒண்ணு கேளுங்க, மறதி விழுறதுக்கு முன்னாடியே இருந்துச்சா, விழுந்தப்புறம் வந்துச்சா? வயசானவங்களுக்கு, அதுலயும் குடிக்கிறவங்களுக்கு, தலைல லேசா அடிபட்டாலும் உள்ள மெல்ல ரத்தம் கட்டி பல வாரம் கழிச்சுக்கூட தெரியவரலாம். வயசு மேல பழியைப் போட்டுட்டு உட்காராம இந்த வாரமே காட்டிடுங்க, ஸ்கேன் எடுக்கணுமான்னு டாக்டர் சொல்லட்டும்.

இப்ப பாட்டில் விஷயம். தினமும் குடிச்ச உடம்புக்கு சட்டுனு நிறுத்துனா சில மணி நேரத்துல கை நடுக்கம், வேர்வை ஆரம்பிக்கும், ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஆளே தெரியாத அளவுக்கு குழப்பம் வரலாம், வயசானவங்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. அதனால டாக்டரை வெச்சுத்தான் குறைக்கணும், தயாமின்ங்கிற பி1 வைட்டமினும் அப்ப தேவைப்படும். டாக்டர்கிட்ட போறப்ப எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, எவ்வளவு குடிக்கிறாருன்னு மறைக்காம சொல்லுங்க.

பேசுறதை காலைல பேசுங்க, கிளாஸ் கையில இருக்கும்போது வேண்டாம். குடிகாரர்ங்கிற வார்த்தையே வரக்கூடாது. அந்த சாயங்கால நேரம் அவருக்கு அம்மா இல்லாத நேரம்மா. அந்த ஒரு மணி நேரம் யாராவது கூட இருந்தா, போன்ல பேசுனாக்கூட, பெரிய வித்தியாசம் தெரியும்.

கேள்வி: கணவருக்கு 66, ஹார்ட் பேஷன்ட். அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்குற குடி மறக்கற மருந்து வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. அப்படிக் கொடுக்குறதுல டைசல்பிராம்னு ஒரு மருந்து இருக்கு, அது உள்ள இருக்கும்போது குடிச்சா பிரஷர் இறங்கி நெஞ்சு படபடத்து உயிரே போகலாம். வேற மருந்து இருக்கு, நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி, ஈரல் கிட்னி டெஸ்ட் பார்த்து, அவர் சம்மதத்தோட டாக்டர் கொடுப்பாரு.

கேள்வி: எனக்கு 73. நாப்பது வருஷப் பழக்கம். இனிமே நிறுத்தி என்னங்க ஆகப்போகுது?

பதில்: ஐயா, கேள்வியை நீங்களே எழுதி அனுப்பியிருக்கீங்க, அதுவே எனக்கு பெரிய நம்பிக்கையா இருக்கு. வயசானவங்க சிகிச்சைக்கு வந்தா இளவட்டங்களுக்கு சளைக்காம, சில நேரம் அவங்களைவிட நல்லாவே தேறி வர்றாங்க. குடிச்சா தூக்கம் வருதுன்னு நினைப்பீங்க, ஆனா விடியக்கால தூக்கத்தைக் கெடுக்குறதே அதுதான். நிறுத்துன கொஞ்ச வாரத்துல பிரஷர் இறங்கும், தூக்கம் மெதுவா சீராகும், நடை திடமாகும், மறதிகூட பலருக்கு ஓரளவு தெளியுது. எழுபது வயசுக்கு மேல நிறுத்துனவங்களை நான் பார்த்திருக்கேன். உங்களுக்கும் சொல்றது அதேதான், தனியா திடீர்னு நிறுத்தாதீங்க. காலைல எழுந்ததும் கையை நீட்டிப் பாருங்க, விரல் நடுங்குதுன்னா நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க, கூட ஒருத்தரை கூட்டிட்டுப் போங்க.