சைக்கிளுக்கு இஎம்ஐ வேண்டாம், முதலில் கார்டை முடியுங்கள்

கேள்வி: கோவையில் தனியார் வேலை, வயது 38, சம்பளம் 46,000 ரூபாய். பைபாஸ் பக்கமே போகாமல், மலையடிவாரக் கிராமச் சாலைகளில் கன்னியாகுமரி வரை சைக்கிளில் போவது நெடுநாள் ஆசை. அதற்காக 1,10,000 ரூபாய் சைக்கிளை 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐயில், அதாவது வட்டியில்லாத் தவணையில், வாங்கலாமா? என்னிடம் இருப்பது ஐந்து வருடப் பழைய கியர் சைக்கிள். மச்சினனுக்குப் போன், வண்டி ரிப்பேர் என்று தேய்த்ததில் கிரெடிட் கார்டில் 68,000 நிலுவை. மாதாமாதம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை (மினிமம் டியூ) தவறாமல் கட்டியும் பாக்கி குறையவில்லை. பயமாக இருக்கிறது.

பதில்: பயணம் போய் வாருங்கள். புது சைக்கிள் இப்போது வேண்டாம்.

மினிமம் டியூவை மட்டும் கட்டுகிறீர்களே, சிக்கலே அதுதான். மாதம் 3.5 சதவீதம் என்றால் 68,000-க்கு வட்டி 2,380. ஜிஎஸ்டி சேர்த்தால் சுமார் 2,800. மினிமம் டியூ நிலுவையில் 5 சதவீதம் என்ற கணக்கில் நீங்கள் கட்டுவது 3,400, அசலில் கழிவது வெறும் 600. மச்சினன் ஒரு ரீசார்ஜ் செய்தால் அதுவும் போச்சு. நிலுவை இருக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அவர் போனில் உங்கள் கார்டு எண் சேமித்து வைத்திருந்தால் இன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள். அவசரம் என்று கேட்டால் கையில் இருப்பதில் ஆயிரம், இரண்டாயிரம் கொடுங்கள். கார்டு மட்டும் வேண்டாம்.

நோ காஸ்ட் என்ற பெயரை நம்பாதீர்கள். பிராசஸிங் கட்டணம், வட்டிக்கான ஜிஎஸ்டி எல்லாம் பில்லில் வந்து சேரும். மாதம் 9,200 தவணை கட்ட முடியும் என்றுதானே நினைத்தீர்கள்? அதையும் 3,400-ஐயும் சேர்த்து மாதம் 12,600 கார்டில் கட்டுங்கள். ஜூலையில் தொடங்கினால் டிசம்பர் முடிவில் பாக்கி மூவாயிரத்துக்குள்தான் நிற்கும். ஜனவரியில் கடன் தீர்ந்துவிடும்.

அதற்கு முன் கிளம்பியும் பயனில்லை. செப்டம்பர் வரை தென்காசி, ஆரல்வாய்மொழி பக்கம் மேற்குக் காற்று பக்கவாட்டில் அடித்து சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளும். அப்புறம் வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி நடுவில் போங்கள், தைப்பூசம் முடிந்து பழனி சாலையில் பாதயாத்திரைக் கூட்டமும் குறைந்திருக்கும்.

உங்கள் பழைய சைக்கிளே போதும். டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் மாற்ற 4,000 ஆகலாம். விலை உயர்ந்த சைக்கிள்களில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வுதான் இருக்கும். கிராமத்துப் பஞ்சர் கடைப் பம்பு அதில் பொருந்தாமல் போகலாம். இரண்டு டியூப்பும் ஒரு கைப்பம்பும் கையோடு இருக்கட்டும்.

வழி இதுதான்: பொள்ளாச்சி, உடுமலை, பழனி, வத்தலக்குண்டு, தேனி, ராஜபாளையம், தென்காசி, அம்பாசமுத்திரம், களக்காடு. உள்சாலைகளில் சுற்றிப் போனால் 550 கிலோமீட்டர் என்று வையுங்கள். நாளுக்கு 60, 65 மிதித்தால் ஒன்பது நாள். சாப்பாடு, லாட்ஜ் தினம் 1,200. திரும்பும் ரயில் செலவோடு எல்லாம் சேர்த்து 16,000 ஆகும். ஜனவரியில் கார்டு போக மிஞ்சுவதும் பிப்ரவரியின் 12,600-ம் அதற்குத் தாராளம். வரும்போது நாகர்கோவில் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவு செய்து, பெயரையும் போன் நம்பரையும் பிரேமில் ஒட்டிவிடுங்கள்.