விட்டுப் போகாத உடல்வலியில் ஆன்மிக அர்த்தம் எதையாவது கண்டிருக்கிறீர்களா?

எனக்கு வலது குதிகால். மூன்று வருஷமாகிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி, ஆணி மேல் சவுட்டியது போல இருக்கும். பத்துப் பதினைந்து எட்டு நடந்தால் தணியும். மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை வேலை, மத்தியானம் தாண்டினால் மறுபடி ஆரம்பித்துவிடும். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. எங்கள் கடைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

அர்த்தம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "நேர்ச்சை எதையோ மறந்திருக்க, அதாக்கும்" என்றாள் அம்மை. சபைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்கா, கர்த்தர் என்னோடு பேசுகிறார் என்றார். வர்ம ஆசான் மட்டும் எண்ணெய் தடவிக்கொண்டே "நிக்கியத கொற" என்றார். எலும்பு டாக்டர் சீட்டில் பிளாண்டார் ஃபேஸியைட்டிஸ் என்று எழுதினார். குதிகாலிலிருந்து விரல்வரை அடிப்பாதத்தில் போகும் பட்டை நாரில் வரும் கோளாறு. ராத்திரி இறுகிக் கிடக்கும் நார் காலையில் சட்டென்று இழுபடுவதால்தான் முதல் அடி அப்படி வலிக்கிறது. கெண்டைக்கால் பயிற்சி, ஐஸாக்கிய தண்ணீர் பாட்டிலைக் காலடியில் உருட்டுவது, எல்லாம் செய்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் சரியாகிவிடுமாம். அந்தக் கூட்டத்தில் நான் சேரவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள், கால் மரத்துப் போகிறவர்கள், தயவுசெய்து அர்த்தம் தேடும் முன் டாக்டரைத் தேடுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். வலி வருவதற்கு முன் ஒன்பது தடவை சிவாலய ஓட்டம் ஓடியிருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு: மகாசிவராத்திரியை ஒட்டி எங்கள் குமரி மாவட்டத்தில் நடப்பது, முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, பொன்மனை என்று 12 சிவன் கோயில்களையும் தொட்டுத் திருநட்டாலத்தில் முடியும். சுமார் 110 கிலோமீட்டர். வெறுங்கால், கையில் சாமிக்கு வீச ஒரு பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா".

சிவன் கோயிலுக்கு எதற்குக் கோவிந்தா? பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகத்தைப் பீமன் தேடி வந்த கதை அது. தீவிர சிவபக்தனான அந்த மிருகத்துக்குத் திருமால் பெயர் ஆகாது. பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிட்டுச் சீண்டிவிட்டு ஓடுவான், அது துரத்தும். பிடிபடும்போது கிருஷ்ணன் கொடுத்த ருத்ராட்சம் ஒன்றைக் கீழே வைப்பான், அது லிங்கமாகும், மிருகம் பூஜையில் உட்கார்ந்துவிடும். பன்னிரண்டாவது தடவை பீமனுக்கு ஒரு கால் மிருகத்தின் எல்லைக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. தருமர் தம்பி என்று பார்க்காமல், பாதி உடம்பு மிருகத்துக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்கிறார்.

ஓடிய வருஷங்களில் இந்த இடத்தை நான் யோசித்ததே இல்லை. ஓடுகிறவனுக்கு அடுத்த கோயில்தான் நினைப்பு. இப்போது தினமும் காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இடது காலை இறக்கிவிட்டு, வலது காலை இறக்கத் தயங்கும் அந்த ரெண்டு மூன்று நொடி, பீமன் நினைவு வருகிறது. இந்தக் கால் எனக்குச் சொந்தமில்லை என்று யாரோ தீர்ப்பெழுதிவிட்டார்கள். 'சரி, உனக்குத்தான்' என்று அதை வைக்கிறேன். வலி குறையாது. எரிச்சல் குறைகிறது. அம்மையிடம் சொன்னால் இதைத்தான் பக்தி என்பாள். எனக்கு அந்தப் பெயர் கொஞ்சம் பெரிசாகப் படுகிறது.

போன சிவராத்திரிக்கு ஓடவில்லை. ஓட்டக்காரர்கள் பன்னிப்பாகம் கோயிலுக்குப் போகும் வழியில் சுக்குநீர் கொடுக்கிற இடத்தில் நின்றேன். காலேஜ் பையன் ஒருத்தன், உள்ளங்காலெல்லாம் கொப்புளம், என் தோளைப் பிடித்துக்கொண்டு குடித்தான். "அண்ணே ஓடலியா?"

"ஒரு கால் வரமாட்டேங்கு மக்களே."

அவன் சிரிக்கவில்லை. குனிந்து, சாமிக்கு வைத்திருந்த விசிறியால் என் குதிகாலில் ரெண்டு வீசு வீசினான். அப்புறம் "கோவிந்தா" என்று ஓடினான். டம்ளரைக் கழுவிக்கொண்டே "கோபாலா" என்றேன்.