படபடப்பை அடக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: குடிமைப் பணிக்கான ஆளுமைத் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் போகிறேன். சென்ற முறை ஷாஜகான் சாலையில் தேர்வாணைய அலுவலகமான தோல்பூர் ஹவுஸில் காத்திருந்தபோதே உள்ளங்கை வேர்த்து, நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே போனதும் குரல் நடுங்கி, தெரிந்த பதிலையும் குழப்பிவிட்டேன். இப்போது பயிற்சி மையத்து மாதிரி நேர்காணல்களிலும் அதுவே நடக்கிறது. கரூரிலிருந்து அம்மா நாள்தோறும் போன் செய்து, ‘டென்ஷன் ஆகாதே’ என்கிறார். அதைக் கேட்டதும் பதற்றம் கூடுகிறது. இதை எப்படி ஒழிப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பழைய ராஜிந்தர் நகர், டெல்லி

பதில்: ஒழிக்க முயல வேண்டாம் என்பதே என் முதல் பதில். மொத்தம் 2025 மதிப்பெண்களில் 275 மதிப்பெண்களை ஏறத்தாழ அரைமணி நேரப் பேச்சு தீர்மானிக்கும்போது, உடல் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு. உங்களுக்கு இந்தப் பணி வேண்டும் என்பதால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அந்த நேரத்தில் உடலுக்குள் நடப்பதைப் பாருங்கள். அட்ரினலின் சுரக்கிறது; இதயம் விரைந்து ரத்தத்தை அனுப்புகிறது; கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே விடுகிறது; மூச்சுக்குழாய்கள் விரிகின்றன. ஒரு பெரிய வேலைக்கு உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் முறை இது. முதன்மைத் தேர்வு முடிவுப் பட்டியலில் உங்கள் பதிவெண்ணைக் கண்ட நொடியிலும் இதே இதயம் இப்படித்தான் அடித்திருக்கும், ஆனால் அன்று அதை நோய் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நம் மொழியிலும் ‘துடிப்பான பிள்ளை’ என்றால் பாராட்டு. அதே துடிப்பு நமக்குள் எழும்போது மட்டும் ஏனோ அஞ்சுகிறோம்.

சென்ற முறை உங்கள் பதிலைக் குழப்பியது படபடப்பு மட்டுமன்று, அதை மறைக்க நீங்கள் எடுத்த முயற்சியும்தான் என்று நினைக்கிறேன். கை நடுங்குகிறதா, குரல் உடைகிறதா, எதிரில் இருப்பவர் கவனித்துவிட்டாரா என்று பாதி மனம் காவல் காத்துக்கொண்டிருந்தால், கேள்விக்கு மீதிப் பாதிதான் கிடைக்கும். அம்மாவின் அன்பான சொல் உங்களைத் தைப்பதும் இதனால்தான்; ‘டென்ஷன் ஆகாதே’ என்றதும் மனம் உடனே டென்ஷன் இருக்கிறதா என்று தேடத் தொடங்கிவிடுகிறது. நானும் பல ஆண்டுகள் என்னிடம் வந்த மாணவர்களுக்கு ‘அமைதியாக இரு’ என்றுதான் சொல்லிவந்தேன். அது பலருக்கு உதவவில்லை என்பதை உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் முன்னே பாடவும் மேடையில் பேசவும் கணக்குப் போடவும் வேண்டியிருந்தவர்களில், ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லியோ உற்சாகம்கொள்ள முயன்றோ தொடங்கியவர்கள், தம்மை அமைதிப்படுத்த முயன்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். இதயத் துடிப்பை நொடியில் இறக்குவது கடினம், ஆனால் அதன் பெயரை மாற்றுவது எளிது. இதற்கு முன்பே, 2010-இல் உளவியல் ஆய்வாளர் ஜெரமி ஜேமீசனும் அவருடன் பணியாற்றியவர்களும், அமெரிக்காவில் மேற்படிப்புக்கான ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், பதற்றம் தேர்வுக்கு உதவவும் கூடும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் பயிற்சித் தேர்வின் கணக்குப் பகுதியில் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள், பிறகு எழுதிய உண்மையான தேர்விலும் அப்படியே.

எனவே, இன்றிலிருந்தே ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். நீங்கள் தங்கியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படிகளை வேகமாக ஏறி, மூச்சு வாங்கும்போதே, நின்ற இடத்தில் ஒரு கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதும் தெளிவாகப் பேச முடியும் என்பதை உடலே கற்றுக்கொள்ளட்டும். மாதிரி நேர்காணலுக்கு முன்னும் ‘நடுங்குகிறேன்’ என்று நினைப்பதை விட்டு, ‘உடம்பு தயாராகிவிட்டது, நானும் தயார்’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். முதல் நாளில் பொய்யாகத் தோன்றலாம், பரவாயில்லை. ஆளுமைத் தேர்வு குறுக்கு விசாரணை அன்று, இயல்பான, ஆனால் நோக்கத்தோடு நடத்தப்படும் உரையாடல் என்ற பொருளில் தேர்வாணையத்தின் அறிவிக்கையே கூறுவதையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

இந்த அணுகுமுறை படிப்புக்கு ஈடாகாது. எல்லையும் ஒன்று உண்டு. ஓரளவு தூண்டுதல் செயலைக் கூர்மையாக்கும், கடினமான வேலையில் அது அளவு மீறினால் கெடுக்கும் என்பதை யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1908-இலேயே எலிகளைக் கொண்டு காட்டினார்கள். இரவெல்லாம் விழித்து, தேநீரில் உயிர் பிடித்துக்கொண்டு, ‘அழுத்தம் நல்லது’ என்று உங்களை வதைத்துக்கொள்ள நான் சொல்லவில்லை. வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லை, வாழ்வே வீண் என்று தோன்றுகிறது என்றால் அது நாம் பேசும் படபடப்பு அன்று. அப்போது தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் கட்டணமில்லாத மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ அழையுங்கள். அங்கே தமிழிலும் பேசலாம்.

அம்மாவிடம் இன்றிரவே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். நேர்காணல் நாளன்று காலையில் போன் செய்யும்போது ‘டென்ஷன் ஆகாதே’ என்பதை விட்டுவிட்டு, ‘நல்லா பேசிட்டு வா’ என்று மட்டும் சொல்லட்டும்.